அடுப்பு அங்கேயேதான் இருக்கும்

ஜூன் 3, சனி

இந்த வீட்டில் என்னைக் கேட்காமல் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. இன்றைக்கு ஒருவன் வந்து என் சமையலறை முழுவதையும் டேப் வைத்து அளந்திருக்கிறான்.

பனியன் கம்பெனியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே உள்ளே புதுக் குரல் கேட்டது. சமையலறைக்குப் போனேன். வாசலிலேயே தடுக்கி விழப் பார்த்தேன். டேப்பின் ஒரு முனையை அந்தப் பையன் பிடித்திருக்கிறான், இன்னொரு முனையை என் மருமகள் வினோதினி பிடித்திருக்கிறாள். நடக்கிற வழியில் முழங்கால் உயரத்துக்கு டேப்பை இழுத்துப் பிடித்தால் யார்தான் தடுக்காமல் போவார்கள்?

"என்ன நடக்குது இங்க?"

"கிச்சனை மாத்தலாம்னு, சாந்தா. கட்டி எத்தனை வருசமாச்சு," என்றார் என் வீட்டுக்காரர். ஈஸ்வரமூர்த்தி என்று பெயர் வைத்தவர்கள் நாக்கையும் கொஞ்சம் வைத்திருக்கலாம். எதையும் பாதி சொல்லி நிறுத்துவார்.

"யாரு கேட்டா?"

வினோதினி மாமனாரைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது இது யார் வேலை என்று. என் மகன் திலீபன் ஓசூரில் இருக்கிறான், வாரம் ஒருநாள் வந்து போகிறான். இவள் மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். நடுநடுவே போனில் அடுத்தவர் வீட்டுச் சமையலறைப் படங்களைப் பார்த்திருப்பாள்.

பையன் பெயர் அரவிந்தனாம். மாடுலர் கிச்சன் செய்து கொடுக்கிற கடை வைத்திருக்கிறானாம். காப்பி கொடுத்து அனுப்பினேன். சர்க்கரை வேண்டுமென்றே குறைத்துப் போட்டேன்.

ஜூன் 6, செவ்வாய்

கம்பெனியில் இன்று மேனேஜர் சண்முகவடிவேல் என் செக்கிங் டேபிளுக்கு வந்தார். கூட்டமாக நான்கு பேர் இருக்கும்போது வந்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, இது உங்க டேபிள்ல பாஸான லாட்."

பனியனைக் காட்டினார். உடம்பு கறுப்பு, கை கருநீலம். ஒரு லாட் முழுக்க அப்படியே போய் பெட்டியில் ஏறும்போது பிடித்திருக்கிறார்கள்.

புதிதாக மாட்டியிருக்கிற லைட்டின் வேலை இது. அந்த வெளிச்சத்தில் கறுப்பையும் கருநீலத்தையும் எவளாலும் பிரிக்க முடியாது. அதைத்தான் சொன்னேன். "மத்த டேபிள்ல பிரிச்சிருக்காங்களேக்கா," என்றார். குரலை உயர்த்தாமல் சொன்னார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

இந்தக் கம்பெனி ஒரே ஷெட்டாக இருந்த காலத்திலிருந்து செக்கிங்கில் இருக்கிறேன். ஊசி முனை அளவு ஓட்டையை நான் தொட்டுக் காட்டிய பிறகுதான் தைத்தவனுக்கே தெரியும். என்னிடம் வந்து நிறத்தின் ஷேட் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்.

ஜூன் 7

வேலைக்குப் போகவில்லை. வீட்டில் சமையலறை வேலை நடக்கப்போகிறது, லீவு வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 10, சனி

அரவிந்தன் லேப்டாப்பில் படம் கொண்டுவந்தான். எல்லாம் வெள்ளை. வெள்ளை மேடை, வெள்ளைச் சுவர், வெள்ளைக் கதவு. கதவுகளுக்குக் கைப்பிடி கிடையாதாம், அழுத்தினால் திறந்துகொள்ளுமாம். மேலே வரிசையாக அலமாரி. அடுப்பைத் தூக்கி ஜன்னல் பக்கம் வைத்திருக்கிறான். நான் நின்று நின்று தேய்ந்த இடத்தில் பிரிட்ஜ்.

"இதென்ன ஆஸ்பத்திரியா? யாரு இவ்வளவு வெள்ளை கேட்டது?"

"நாந்தான் சொன்னேன். பளிச்சுனு இருக்கட்டுமேனு," என்றார் இவர்.

இவருக்கு இப்போது வெளிச்சப் பைத்தியம் பிடித்திருக்கிறது. பொழுது சாயும் முன்னாலேயே வீட்டிலுள்ள எல்லா விளக்கையும் போட்டு வைக்கிறார். நான் அணைத்துக்கொண்டே போகிறேன், பின்னாலேயே வந்து போடுகிறார். படத்தில் எண்ணிப் பார்த்தால் மேடைக்கு மேலே வரிசையாக லைட், அலமாரிக்கு அடியில் லைட், டிராயருக்குள் லைட். டிராயருக்குள் லைட் போட்டுக் கரண்டிகளுக்கு என்ன கல்யாணமா நடக்கிறது?

போகும்போது அந்தப் பையன் வினோதினியிடம், "மேடத்துக்கு எம்மேல கோவமாங்க? சாம்பிள் குடுத்தேன், வாங்கவே இல்லை," என்று கேட்டது என் காதில் விழுந்தது. பக்கத்தில் நின்று நீட்டினானாம். கொடுக்கிறவன் முன்னால் வந்து கொடுக்க வேண்டியதுதானே.

ஜூன் 14, புதன்

நெற்றியில் அடி. புருவத்துக்கு மேலே வீங்கிப் போயிருக்கிறது.

மளிகை அலமாரிக் கதவை யாரோ திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரோ என்ன, வினோதினிதான். திரும்பினேன், கதவின் ஓரம் நேராக வந்து மோதியது. கையில் இருந்த பால் பாத்திரம் கீழே. தரை முழுக்கப் பால்.

அவளைக் கூப்பிட்டு நன்றாகக் கேட்டேன். புதுக் கிச்சன் வேண்டும் என்பவளுக்கு இருக்கிற கதவை மூடத் தெரியாதா என்றேன். அவள் அழுதுகொண்டே, "நான் தொறக்கலைங்க அத்தை. நீங்கதானே இப்ப பருப்பு எடுக்க..." என்று ஆரம்பித்தாள்.

"வினோதினி!" என்றார் இவர் வாசலிலிருந்து.

அவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். வந்த நாளிலிருந்து மருமகளை இவர் ஒரு வார்த்தை அதட்டியதில்லை. எனக்காக அதட்டினார் என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏனோ எரிச்சலாக இருந்தது.

இவருக்கு இன்னொரு வழக்கமும் வந்திருக்கிறது. நான் இருக்கிற அறைக்குள் வரும்போதெல்லாம் செருமுகிறார். சளி இல்லை, இருமல் இல்லை. வந்துவிட்டேன் என்று சொல்வதுபோல் ஒரு செருமல். சொந்தப் பெண்டாட்டி இருக்கிற அறைக்குள் வர எதற்குச் செருமல்?

ஜூன் 17, சனி

கோயமுத்தூருக்குப் போய்வரலாமா என்கிறார். எதற்கு என்றேன். சும்மா, கண்ணை ஒரு தடவை காட்டிவிட்டு அப்படியே டைல்ஸ் பார்த்துவிட்டு வரலாம் என்கிறார். தட்டில் சோறு பாதி இருக்கும்போதே எழுந்து கை கழுவிவிட்டேன்.

எனக்குக் கண்ணில் ஒன்றுமில்லை. தை மாதம் கம்பெனியில் கண் கேம்ப் போட்டார்கள். படிக்கிற வயதில் ஒரு டாக்டர் பையன். கண்ணில் பிரஷர் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள் என்றான். எல்லாரிடமும் ஏதோ ஒன்று சொல்லித்தான் அனுப்பினான். பக்கத்து டேபிள் சரஸ்வதிக்குப் புரை என்றான், அவள் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறாள்.

என் அப்பாவுக்கும் பிரஷர் என்றுதான் சொன்னார்கள். அவர் தோட்டத்து வீட்டில் கடைசிக் காலம் முழுக்கக் கட்டிலிலேயே இருந்தார். வெளிக்குப் போகக் கையைப் பிடித்து அம்மா கூட்டிப் போவாள். கூட்டிப் போவாள் என்ன, இழுத்துப் போவாள். "இங்க கால வை, இங்க வை" என்று அதட்டுவாள். ஊருக்கே பஞ்சாயத்துப் பேசிய மனிதர் அந்த அதட்டலுக்குக் காலைத் தூக்கித் தூக்கி வைப்பார். சோற்றை உருட்டிக் கையில் கொடுத்தால் அது என்ன சோறு என்று கேட்கக்கூடப் பயப்படுவார்.

அது வேறு. அவர் வெயிலில் கிடந்த மனிதர். எனக்கு அதெல்லாம் இல்லை. இந்த வரியை நேராகத்தானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 24, சனி

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கை எரிகிறது. இடது மணிக்கட்டில் கொப்புளம்.

ஆடி பிறப்பதற்குள் இடிக்கிற வேலையைத் தொடங்க வேண்டுமாம். அதற்காகப் பாத்திரங்களை எண்ணிப் பெட்டியில் கட்டச் சொல்லியிருக்கிறான் அரவிந்தன். வினோதினி காலையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். என் தாளிப்புச் சட்டி இருக்கிற இடத்தில் இல்லை, கரண்டி இல்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. பிடிதுணி எப்போதும் அடுப்புக்கு இடப்பக்கம் கிடக்கும். கையை நீட்டினேன். துணி இல்லை, காய்ச்சி இறக்கி வைத்த எண்ணெய்ச் சட்டி இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் அவள் ஓடி வந்தாள். கையைக் குழாயடியில் பிடித்தாள். நான் விடவில்லை. "என்னைக் கொல்றதுக்குத்தான் இந்தக் கிச்சனா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அவள் வெடித்தாள்.

"போதுங்க அத்தை! இந்தக் கிச்சன் நான் கேட்டதில்லைங்க. எனக்கு இந்த அடுப்பே போதும். மாமாதான் கேட்டாங்க, உங்களுக்காக. உங்களுக்குப் பக்கத்துல இருக்கறது தெரியறதில்லைனு மாமாவுக்குத் தை மாசத்துலிருந்தே தெரியும். நான் சொல்லக்கூடாதுனு கையில சத்தியம் வாங்கிட்டாங்க. என்னால இதுக்கு மேல முடியாதுங்க."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவளே நிறுத்தினாள்.

என் வீட்டுக்காரர் தன் நூல் கடையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். செருமிக்கொண்டே வந்தார்.

"இனிமேல் செருமாதீங்க," என்றேன். "எத்தனை நாளாத் தெரியும்?"

அவர் வினோதினியைப் பார்த்தார். அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

"கேம்ப்ல நீ எழுதிக் குடுத்தது உன்ற நம்பர் இல்லை, என்ற போன் நம்பர், சாந்தா. அந்த டாக்டர் தம்பி கூப்பிட்டுது. உங்க வீட்டம்மா வந்து காட்டவே இல்லை, லேட் பண்ணாதீங்கனு சொல்லுச்சு."

"அப்பவே என்னைக் கேக்கறதுக்கென்ன?"

"நீயாச் சொல்லட்டும்னு பாத்தேன்."

"நான் சொல்லாட்டி?"

"அதுக்குத்தான்... வெளிச்சமா, வெள்ளையா ஒரு கிச்சன் பண்ணிட்டா, உனக்கு..."

"கண்ணைப் பாக்கறதை விட்டுப்போட்டு சமையக்கட்டைப் பாத்தீங்களாக்கும்!"

அதற்கு அவர் சொன்னதுதான் இன்னும் உள்ளே குத்திக்கொண்டிருக்கிறது. "உன்னைக் கூப்பிடாமயா இருந்தேன்? டைல்ஸ் பாக்கலாம்னு கூப்பிட்டேன். பண்ணாரியம்மன் கோயிலுக்குப் போலாம்னு சொல்லி அப்படியே கூட்டிட்டுப் போகப் பாத்தேன். சோத்தை விட்டு எந்திரிச்சுப் போறவகிட்ட நான் என்னத்தப் பேசறது? உங்கப்பன் கதையை நீ ஒரு தடவை சொல்லி அழுதிருக்கறே. எனக்குப் பயமா இருந்துச்சு."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதனால் கோபம் தணியவில்லை, இரண்டு மடங்காயிற்று. உண்மையைச் சொல்கிறவரைத் திட்ட முடியாது. சாப்பாடு எடுத்து வைக்காமல் படுத்துக்கொண்டேன். அவரே போட்டுச் சாப்பிட்டார், என்னென்ன எங்கே இருக்கிறது என்று தெரியாமல் டப்பா டப்பாவாகத் திறக்கிற சத்தம் கேட்டது.

ஜூன் 26, திங்கள்

கோயமுத்தூர். ஆஸ்பத்திரி.

ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், சுற்றிலும் எங்காவது விளக்கு மின்னினால் கையில் இருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். காத்துக்கொண்டே இருந்தேன். எப்போதாவது ஒன்று மின்னியது. அழுத்தினேன். மறுபடி காத்திருந்தேன்.

"மெஷின் ரிப்பேருங்களா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"இல்லைங்கம்மா," என்றாள். மெதுவாகச் சொன்னாள். "நல்லாத்தான் ஓடுது."

அவ்வளவு நேரமும் விளக்குகள் மின்னிக்கொண்டேதான் இருந்திருக்கின்றன.

டாக்டரம்மா வயதானவர். போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், தினமும் சொட்டு மருந்து விட வேண்டும், ஒருநாள்கூடத் தவறக்கூடாது என்றார். உங்கள் அப்பாவுக்கு அந்தக் காலத்தில் இது கிடைத்திருக்காது, உங்களுக்குக் கிடைக்கிறது என்றார். தை மாதமே வந்திருந்தால் என்று ஆரம்பித்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். நான் முன் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். யார் மேல் யாருக்குக் கோபம் என்று கேட்டால் இரண்டு பேராலும் சரியாகச் சொல்லியிருக்க முடியாது.

ஜூன் 28

சொட்டு மருந்து எரிகிறது. நன்றாக எரியட்டும்.

ஜூலை 1, சனி

அரவிந்தனை வரச் சொன்னேன். நான்தான் போன் செய்தேன். திலீபனும் ஓசூரிலிருந்து வந்திருந்தான். அவனுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரியாதவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது, எனக்கே நடந்ததைப் பற்றி.

இவருடைய பழைய மூக்குக் கண்ணாடியை எடுத்து இரண்டு பக்கமும் கறுப்பு டேப் ஒட்டினேன். நடுவில் மட்டும் பட்டாணி அளவு ஓட்டை. அரவிந்தனிடம் சாம்பிள் வெள்ளைப் பலகை இருந்தது. அதை மேடைமேல் விரித்தேன். அதன்மேல் வெள்ளைக் கப்.

"இதைப் போட்டுட்டு எல்லாருக்கும் காப்பி கலக்குங்க," என்றேன் இவரிடம்.

சிரித்துக்கொண்டேதான் மாட்டினார். பால் சட்டி கிடைத்தது. சர்க்கரை டப்பாவை முழங்கை தட்டியது, உருண்டு ஓடியது. குனிந்தார், திறந்திருந்த டிராயரில் தோள் இடித்தது. கப்பைத் தேடினார். அது கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது, வெள்ளைமேல் வெள்ளை. பாலை ஊற்றினார். கப் நிறைந்தது தெரியவில்லை. வழிந்து, பலகையில் ஓடி, மேடையிலிருந்து அவர் வேட்டியில் கொட்டியது. அப்போதுதான் நிறுத்தினார்.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். திலீபன் அவர் அருகே போகப் பார்த்தான். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

பிறகு அரவிந்தனிடம் சொன்னேன். தையல்காரர்களை அதட்டுகிற குரலில்தான் வந்தது. வேறு குரலில் சொல்லியிருந்தால் உடைந்திருப்பேன்.

"தம்பி, எனக்கு நேராப் பாத்தாத் தெரியும். பக்கத்துல தெரியாது. காலடியில தெரியாது. வெள்ளை மேல வெள்ளை வெச்சாத் தெரியாது. பளபளன்னு இருந்தாக் கண்ணு கூசும். இதை மனசுல வெச்சுட்டு வரையறதா இருந்தா வரை. இல்லாட்டி நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். கூரை இடிந்து விழவில்லை.

பையன் லேப்டாப்பை மூடிவிட்டுப் பேனாவை எடுத்தான். "மேல அலமாரியில இருக்கற ஷட்டர் கதவெல்லாம் எடுத்துரலாங்களா?"

"எடுத்துரு."

"ஓப்பனா வெச்சாத் தூசி படியுங்க மேடம்."

"தொடைச்சுக்கறேன். மண்டை ஒடையறதுக்குத் தூசி தேவலை."

மேடை அடர்ந்த சாம்பல் நிறம், மினுமினுப்பு இல்லாமல். அதன் ஓரத்தில் வெளிர் நிறத்தில் ஒரு பட்டை, மேடை எங்கே முடிகிறதென்று தெரிவதற்கு. டிராயரெல்லாம் விட்டால் தானே மூடிக்கொள்கிற மாதிரி. கைப்பிடி கட்டாயம் வேண்டும், கைக்கு அகப்படுகிற மாதிரிக் கனமாக.

"அடுப்பை மட்டும் ஜன்னல் பக்கம் கொண்டு போயிரலாங்க. கேஸ் லைனுக்கும் சிம்னிக்கும் அதுதான் ஈஸி."

"அடுப்பு அங்கேயேதான் இருக்கும். என்ற கைக்கு அந்த எடம் தெரியும்."

"இல்லைங்க, பைப்பை..."

"பைப்பை நீ சுத்திக் கொண்டு வா தம்பி. என்னால சுத்திட்டு வர முடியாது."

பின்கட்டுக்கு இறங்குகிற படியின் விளிம்பில் மஞ்சள் டைல்ஸ் ஒரு வரிசை பதிக்கலாம் என்று வினோதினி சொன்னாள். நல்ல யோசனை. அதை அவளிடம் சொல்லவில்லை. "எழுதிக்க தம்பி," என்று மட்டும் சொன்னேன். அவள் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். சாயங்காலம் என் கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிட்டாள், நான் கையை இழுக்கவில்லை.

ஜூலை 5, புதன்

கம்பெனிக்குப் போய்ச் சொல்லிவிட்டேன், நின்றுகொள்கிறேன் என்று. காரணத்தையும் சொன்னேன்.

"சரிங்க்கா," என்றார் சண்முகவடிவேல்.

கொஞ்சம் யோசித்துவிட்டாவது சொல்லியிருக்கலாம்.

ஜூலை 9, ஞாயிறு

இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். வீடு முழுக்கத் தூசி. பின்கட்டில் ஒரு மேசை போட்டுச் சமையல். எதை எங்கே வைத்தாலும் இப்போது எல்லாரும் வாயால் சொல்லிவிட்டு வைக்கிறார்கள். "அத்தை, உப்பு உங்க வலது கைப்பக்கம்." "சாந்தா, சொம்பு ஓரத்துல இருக்குது." நாள் முழுக்க ரேடியோ போட்டதுபோல் இருக்கிறது. போதும் என்று கத்தினேன். பிறகு திலீபன் போனில் கூப்பிட்டு, "அம்மா, நான் ஓசூர்ல இருக்கறேன்," என்றான். சிரிக்கக்கூடாது என்று நினைத்தேன். முடியவில்லை.

ஆகஸ்ட் 2

கொத்தனார் மஞ்சள் டைல்ஸைப் படியின் விளிம்பில் பதிக்காமல் சுவரோரம் அழகுக்காகப் பதித்து வைத்திருக்கிறார். உடைத்து எடுக்கச் சொன்னேன். இவர் எனக்கு முன்னாலேயே சுத்தியலை எடுத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினோம். இன்று நாத்தனார் ருக்குமணி பெருந்துறையிலிருந்து வந்திருந்தார். இவருக்கு மூத்தவர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குறை தேடுகிறவர். செக்கிங்கில் சேர்த்திருந்தால் என்னையே தூக்கிச் சாப்பிட்டிருப்பார்.

நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்ன சாந்தா, இவ்வளவு செலவு பண்ணி மளிகைக்கடை மாதிரிப் பண்ணி வெச்சிருக்கறே? மேல ஒரு கதவுகூட இல்லை. கலரும் என்னமோ மழை மோடம் போட்ட வானம் மாதிரி."

"அது... இப்ப இதுதாங்க்கா பேஷன்," என்றார் இவர்.

எனக்காகத்தான் சொன்னார். தெரியும். இருந்தாலும் சுர்ரென்று ஏறியது. இத்தனை நாள் ஒளித்து வைத்தது போதாதா?

"பேஷன் இல்லைங்க அண்ணி," என்றேன். "எனக்குக் கண்ணு போயிட்டிருக்குது. பக்கத்துல இருக்கறது தெரியறதில்லை. கதவு வெச்சா இடிச்சுக்குவேன்."

தோசையைத் திருப்பிப் போட்டேன்.

"ஐயோ சாமி," என்றார் அண்ணி. "உங்கப்பனுக்கும் இப்படித்தானே... நீ எதுக்கு அடுப்புகிட்ட நிக்கறே? இப்படி வந்து உக்காரு, நான் ஊத்தறேன்." சொல்லிக்கொண்டே வந்து என் கையிலிருந்த கரண்டியைப் பிடித்தார்.

நான் விடவில்லை. அவரும் விடவில்லை. இரண்டு பேரும் ஒரு தோசைக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வினோதினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கரண்டியை விடுங்க அண்ணி. ஓரம்பரையா விருந்துக்கு வந்திருக்கறீங்க, போய் உக்காருங்க. சூடாக் கொண்டாந்து வெக்கறேன். கண்ணுதான் போகுது. நான் எங்கயும் போகலை."

விட்டுவிட்டார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

இவர் உள்ளே வந்தார். செருமவில்லை. சுற்றிக்கொண்டு வந்து, மேடைக்கு அந்தப் பக்கம், எனக்கு நேராக நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணு முறுகலா," என்றார்.

ஊற்றினேன். ஒரு பக்கம் கருகிவிட்டது. அதற்குக் கண் காரணம் இல்லை. அண்ணி மேலிருந்த கோபத்தில் தீயைக் குறைக்க மறந்துவிட்டேன்.